அகத்தின் இரண்டாவது ஆல்பமும் மஞ்சப்ரா ராமநாதனும்

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரை விட்டுப் போவது ஒன்றும் புதுசில்லை. பம்பாயோ டெல்லியோ, போன இடத்துக்கெல்லாம் பாட்டையும் கையோடு கொண்டு போனார்கள். அப்படிப் போன பாட்டு ஒன்று ராக் ஆல்பத்தில் வந்து சேர்ந்த கதை இது.

அகம் பேண்டின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாலக்காடு மாவட்டம் ஷொர்ணூர்க்காரர். பேண்ட் இருப்பது பெங்களூரில். உறுப்பினர்களில் பலருக்கும் பகலில் ஆபீஸ் வேலை, மிச்ச நேரத்தில்தான் ஒத்திகை. 2007-ல் சன் டிவியின் 'ஊ லலலா' நிகழ்ச்சியில் கவனம் பெற்றாலும் முதல் ஆல்பம் வர 2012 ஆகிவிட்டது. இரண்டாவதான 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' வந்தது 2017-ல்.

அதில் தியாகராஜரின் நளினகாந்திக் கீர்த்தனை டிரம்ஸும் கிட்டாருமாக வருகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது 'சாகர சயன விபோ'. பாகேஸ்ரீ ராகத்தில் அதை இயற்றியவர் எம்.டி.ராமநாதன் (1923-1984). அவரும் பாலக்காட்டு மஞ்சப்ராக்காரர்தான். சென்னை கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் படித்தவர்.

ராக்கில் போட்டால் கீர்த்தனை கெட்டுப்போகும் என்று சுத்த சங்கீத ரசிகர்கள் முகம் சுளித்ததுண்டு. ஆனால் ஒன்று, ராமநாதனின் கனத்த குரலையும் நிதானமான விளம்ப காலத்தையும்கூட அந்த நாளில் எல்லாரும் ரசித்துவிடவில்லை. இன்றைக்கு அதையேதான் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

இங்கே வளரும் நம் பிள்ளைகள் கிட்டாருக்காகவே அகத்தைக் கேட்கட்டும், தப்பில்லை. அப்புறம் ராமநாதன் பாடியதையும் போட்டுக் காட்டுங்கள். எது பிடித்தது என்று அவர்களே சொல்லட்டும்.