அரபிக்கடல் கூன்முதுகுத் திமிங்கிலம்

ஓமான் கரை தொடங்கி இந்தியா, இலங்கை வரை விரிந்த கடலில், ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கி வாழும் கூன்முதுகுத் திமிங்கிலக் கூட்டம் இது. இதே இனத்தின் மற்றத் திமிங்கிலங்கள் கோடையில் துருவத்தை ஒட்டிய குளிர்கடலில் இரை தின்று, குளிர்காலத்தில் வெப்பக்கடலுக்கு வந்து குட்டி ஈனும். ஒருவழிப் பயணமே 8,000 கி.மீ. வரை நீள்வதுண்டு. அரபிக்கடல் கூட்டத்துக்கு அந்த அலைச்சல் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஓமான் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. ஊட்டம் நிறைந்த அந்த நீரில் கிரில்லும் சாளையும் பெருகுகின்றன. சுமார் 70,000 ஆண்டுகளாக இக்கூட்டம் மற்றவற்றுடன் கலக்காமல் பிரிந்திருப்பதாக மரபணு ஆய்வு காட்டுகிறது.

வளர்ந்த திமிங்கிலம் 12 முதல் 16 மீட்டர் நீளமும் 30 டன் அளவில் எடையும் கொண்டது. உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும் பக்கத் துடுப்புகளை வைத்தே இதை எளிதில் இனம்காணலாம். வால் அடிப்புறத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் திமிங்கிலத்துக்குத் திமிங்கிலம் மாறும். ஆய்வாளர்கள் அதைப் படமெடுத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள்.

ஆண் திமிங்கிலங்கள் பாடும். சில ஒலிகள் சேர்ந்து ஒரு தொடராகி, தொடர்கள் அடுக்கப்பட்டு, பத்து இருபது நிமிடம் நீளும் பாட்டு மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒரு வட்டாரத்து ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டையே பாடுகின்றன. ஓமான் கரையில் கேட்கும் பாட்டு தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் பாட்டிலிருந்து வேறுபட்டது. இனப்பெருக்கப் பருவமும் அப்படியே: நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள கூட்டங்களுக்கும் இதற்கும் ஏறத்தாழ ஆறு மாத இடைவெளி இருக்கிறது.

இவ்விவரங்களில் சில வந்த வழி கொடுமையானது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்று, கணக்கை மறைத்தன. உயிரியலாளர் யூரி மிகாலேவ் 1997இல் அந்தப் பதிவுகளை வெளியிட்டார். கொல்லப்பட்டவற்றின் இரைப்பையில் கிடந்த மீன்களும் கருக்களின் வளர்ச்சி அளவும்தான், இவை இங்கேயே உண்டு இங்கேயே பெருகுகின்றன என்பதற்குச் சான்றாயின. அந்த அடியிலிருந்து கூட்டம் மீளவே இல்லை. ஓமான் கரையில் எடுத்த படங்களைக் கொண்டு செய்த மதிப்பீட்டில் கிடைத்த எண்ணிக்கை 82 மட்டுமே. வேட்டைத் தடைக்குப் பின் இந்த இனம் உலகெங்கும் தேறிவிட்டது என்ற நற்செய்தி அரபிக்கடலுக்குப் பொருந்தாது. இங்கே ஒன்று இறந்தால் அந்த இடத்தை நிரப்ப வேறு கடலிலிருந்து எதுவும் வரப்போவதில்லை.

இந்தக் கூட்டம் ஓமானுக்கு மட்டும் உரியது என்று எண்ணியவர்களுக்கு ‘லுபான்’ என்ற பெண் திமிங்கிலம் விடை தந்தது. 2017 நவம்பரில் ஓமானின் மசீரா வளைகுடாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான், நடுக்கடலைக் குறுக்காகக் கடந்து இந்திய மேற்குக் கரைக்கு வந்து, தெற்கே மன்னார் வளைகுடா வரை சென்று ஓமானுக்குத் திரும்பியது. ஆகவே இதைக் காக்கும் பொறுப்பு நம் கரைக்கும் உண்டு.

இன்று பேராபத்து வலைதான். செவுள் வலையில் சிக்கும் திமிங்கிலம் மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கும். தப்பினாலும் கயிறு சதையை அறுக்கும். ஓமானில் படமெடுத்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு அத்தகைய தழும்பு இருக்கிறது. பெருங்கப்பல்கள் மோதுவது, துறைமுக விரிவாக்கம், எண்ணெய் தேடும் வெடியொலி, தோல் நோய் ஆகியவையும் இவற்றை வாட்டுகின்றன.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை இவற்றுக்கு உச்சப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் வலையை அறுத்துத் திமிங்கிலத்தை விடுவிக்கும் மீனவருக்கு நேரும் இழப்பு பெரியது. அதை ஈடுசெய்ய மகாராஷ்டிர அரசு 2018இல் இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. கட்ச் முதல் குமரி வரை எல்லாக் கரையிலும் அத்தகைய இழப்பீடு தடையின்றி, காலம் தாழ்த்தாமல் மீனவர் கைக்குச் சேர வேண்டும்.