ரயில் சிநேகம்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, சர்க்யூட் படம் மட்டும் வேண்டாம்" என்றார். அதனால் ரயிலைப் பற்றி எழுதுகிறேன்.

'ரயில் சிநேகம்' என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. ஸ்டேஷன் வந்ததும் முடிந்துபோகிற பழக்கம் என்று அர்த்தம். கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சிநேகம் நமக்குச் சுலபமாக வாய்த்துவிடவில்லை நண்பர்களே!

ரயிலுக்கு முன்னால் வெளியூர்ப் பயணம் என்றால் நடை அல்லது மாட்டு வண்டி. ராத்தங்கச் சத்திரம். ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழியில் பல சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்பெற்றது. வந்தவர்களுக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து எல்லாம் கிடைத்தது. பெரிய தர்மம்தான். ஆனாலும் அந்தக் காலத்துச் சத்திரங்களில் பந்தி என்று வந்தால் சாதி பார்த்துத்தான் இலை போடுவார்கள்.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. டிக்கெட்டில் வகுப்பு உண்டு, சாதி கிடையாது. மூன்றாம் வகுப்பு மரப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகு, யார் தோள் யார் மேல் படுகிறது என்று யார் பார்க்க முடியும்?

அந்த நெரிசலில் பேச்சும் பிறந்தது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார். பெட்டியில் இருந்தவர்கள் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைப் பார்த்து, கதர் கட்டச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். கதர் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, நாங்கள் ஏழைகள் என்று தலையாட்டிவிட்டார்கள். அது அவர் மனசில் தைத்தது. செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறினார். அந்தப் பயணிகள் யார், எந்த ஊர் என்று சரித்திரத்தில் இல்லை. ரயில் சிநேகம்தானே!

ஆனால் பெட்டிக்குள் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் ஸ்டேஷனில் இறங்கினால் பிரிந்தார்கள். ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் எதிர்த்துப் போராடி, 1941-ல்தான் அது ஒழிந்தது. அதாவது, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஒரே இடத்தில் சாப்பிட 85 வருஷம் ஆகியிருக்கிறது.

1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் போனது. பிறகு மது தண்டவதே ரயில்வே மந்திரியாக இருந்தபோது மரப் பலகைக்குப் பஞ்சு மெத்தை வந்தது. பலகை மாறிவிட்டது. மனசு?

2008-ல் கவுன்சிலிங்குக்காக அப்பாவும் நானும் சென்னைக்கு ராத்திரி ரயிலில் போனோம். அன்ரிசர்வ்டு பெட்டி. எதிரே இன்னொரு அப்பா, இன்னொரு பையன். அவர்களும் கவுன்சிலிங்குக்குத்தான். அப்பா "எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்கள். "இல்லங்க, இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்" என்றார் அப்பா. மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள் எதுவும் சாப்பிடவில்லை. ஸ்டேஷனில் 1941-லேயே எடுத்த தடுப்பு, எங்கள் இரண்டு சீட்டுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

நான் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பையனுக்கும் நம் கல்லூரியிலேயே சீட் கிடைத்தது. நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறை. முதல் செமஸ்டர் லீவு முடிந்து கிளம்பும்போது அப்பா அடுப்படியைப் பார்த்து, "ரெண்டு பேருக்குச் சேர்த்துக் கட்டிக் குடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ரயிலில் ஏறினால் காதில் மாட்டியிருப்பதைக் கொஞ்ச நேரம் கழற்றி வையுங்கள். எதிர் சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் நீட்டுவதை வாங்கிச் சாப்பிடுங்கள்.

இந்தச் சந்திப்புக்கு அவனும் நானும் ஒரே ரயிலில்தான் வருகிறோம். இந்த முறை கட்டுச்சோறு அவன் வீட்டிலிருந்து.