டாச்சிங் பிறந்த கதை

ரப்பர் ஒட்டுப்பாலோ மீனோ, மலாக்காவின் அலோர் காஜா பக்கம் ஒரு காலத்தில் நிறுவை என்றால் டாச்சிங்தான். ஒரு மரக்கோல், ஒரு நுனியில் கொக்கி, அதற்குச் சற்றுத் தள்ளிப் பிடிகயிறு, நீண்ட பக்கத்தில் நகர்த்த ஒரே ஒரு குண்டு. இந்தக் கோலைக் கண்டுபிடித்த மூளையை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அதற்கு முன்னால் இருந்தது இருபுறமும் சமமான தராசு. பத்துக் காத்தி (ஒரு காத்தி 604.8 கிராம்) நிறுக்க வேண்டுமானால் பத்துக் காத்திக்குப் படிக்கல் வேண்டும். சீனாவில் போரிடும் நாடுகள் காலத்து வெண்கலத் துலாக்கோல்களில் தூரக் குறிகள் பொறித்திருக்கிறார்கள். கல்லைக் கூட்டாமல், தள்ளி வைத்தால் என்ன என்று யாரோ யோசித்ததன் தடயம் அது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் இதையே நெம்புகோல் விதியாக நிறுவினார். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். இரு பக்கமும் அது சமமானால் கோல் சுழலாது. பாடப்புத்தகம் இதைச் சுழற்சிச் சமநிலை என்கிறது.

கொக்கி பிடிகயிற்றிலிருந்து 2 அங்குலம், குண்டு 1 காத்தி என்று வைத்துக்கொள்வோம். மூட்டையில் கூடும் ஒவ்வொரு காத்திக்கும் குண்டை 2 அங்குலம் தள்ள வேண்டும். அதனால்தான் குறிகள் சம இடைவெளியில் விழுகின்றன. ஆனால் சுழிக்குறி பிடிகயிற்றின் அடியில் இருக்காது. கோலுக்கும் கொக்கிக்கும் சொந்த எடை உண்டே! வெறும் கொக்கியோடு கோல் படுக்கையாக நிற்கும்போது குண்டு எங்கே இருக்கிறதோ, அதுதான் சுழி. பெரிய டாச்சிங்கில் கொக்கிக்கு இன்னும் நெருக்கமாக இரண்டாவது பிடிகயிறும் இருக்கும்; அதைப் பிடித்துத் தூக்கினால் அதே குண்டு பெரிய மூட்டையையும் நிறுக்கும்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் நட்டார். தோட்டங்கள் பெருக, ஒட்டுப்பால் நிறுக்கும் டாச்சிங்குக்கும் வேலை கூடியது. அதன் அளவான காத்தி, 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு மெல்லக் கிலோவுக்கு இடம்விட்டது.

இந்தக் கோலில் ஏமாற்றவும் வழி உண்டு. குண்டுக்குள் ஈயம் ஊற்றிக் கனமாக்கினால், அது கிட்டவே நின்று எடையைக் குறைத்துக் காட்டும். ஒட்டுப்பால் வாங்குகிறவருக்கு லாபம், பால்மரம் வெட்டியவரின் உழைப்புக்கு நட்டம். குடைந்து இலேசாக்கினால் எடை கூடித் தெரியும். மீன் விற்கிறவருக்கு லாபம். இரண்டையும் பிடிக்க, கொக்கியை வெறுமையாக விட்டு, குண்டைச் சுழியில் நிறுத்திக் கோலைத் தூக்கினால் போதும். கனத்த குண்டானால் வால் தொங்கும், இலேசானதானால் மேலெழும்.