கண்டுபிடிப்பாளர் ஊக்குவிப்பு

கண்டுபிடிப்பாளர் ஊக்குவிப்பு என்பது புதிய கருவியையோ செய்முறையையோ உருவாக்குவோரை அடையாளம் கண்டு பாராட்டி, அது பயன்பாட்டுக்கு வரும்வரை துணைநிற்கும் ஏற்பாடு. ஆய்வகத்துக்கு வெளியே பிறக்கும் கண்டுபிடிப்புகளுக்காக இந்தியாவில் 2000 மார்ச்சில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை தோன்றியது. பாராட்டோடு பட்டறை உதவியும் காப்புரிமையும் சேர்ந்தால்தான் ஊக்குவிப்பு முழுமையாகும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கோவை அருணாச்சலம் முருகானந்தம், மரக்கூழை அரைத்து, அழுத்தி, புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கி, மலிவாக சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரங்களை வடிவமைத்தார். ஐ.ஐ.டி. மெட்ராஸில் அவற்றைப் பார்த்தவர்கள் அறக்கட்டளையின் போட்டிக்கு அனுப்பினர், விருது கிடைத்தது. பெருநிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே இயந்திரத்தைக் கொடுத்த அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் கரி எரித்துத் துணி தேய்ப்பதைக் கண்டு, சூரியத் தகடும் மின்கலமும் பொருத்திய இஸ்திரி வண்டியைச் சிந்தித்தார். அறக்கட்டளையின் உதவியால் அது மாதிரி வண்டியாக உருப்பெற்றது. 2021இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றை எட்டியது.

பரிசு ஆசையால் கடையில் வாங்கிய மாதிரியும் பெற்றோர் செய்த வேலையும்தான் அறிவியல் கண்காட்சிக்கு வரும் என்பார்கள். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் குறை போட்டியின் அமைப்பில் இருக்கிறது. அறக்கட்டளையின் இக்னைட் போட்டி மாணவரிடம் எண்ணத்தை மட்டுமே கேட்கிறது. தேர்ந்தவற்றுக்கு மாதிரி செய்வதையும், மாணவர் பெயரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதையும் அறக்கட்டளையே ஏற்கிறது. பெரும்பாலான எண்ணங்கள் தேறாது என்ற மறுப்பும் உண்மையே. ஆயினும் தேறாத முயற்சியிலும் குறையைக் கண்டு காரணம் தேடும் பழக்கம் படிகிறது.

குறையைக் கண்டு காரணம் தேடும் பழக்கம் என்ற அளவுகோலில் வடசென்னையின் எர்ணாவூர் வளமான நிலம். அருகிலேயே அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை. சுற்றிலும் ஃபிட்டர், வெல்டர், டர்னர் குடும்பங்கள். கரையில் படகு எஞ்சினைத் தாமே பிரித்துப் பூட்டும் மீனவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, அவர்கள் படகில் நின்று பக்கெட்டாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள். சிறுபடகில் பொருத்தும் எண்ணெய் அள்ளும் கருவி எப்படி அமைய வேண்டும் என்பதை அந்தக் கைகளே நன்கறியும். அப்படி உருவாகும் கருவிக்குக் காப்புரிமை கேட்கவும் தொலைவு போக வேண்டியதில்லை, நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று சென்னை கிண்டியில்தான் உள்ளது. இப்பகுதிப் பள்ளி மாணவரையும் லேத் பட்டறைத் தொழிலாளரையும் மீனவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, அவர்கள் சொல்வதைச் செய்து பார்க்கப் பொருளும் இடமும் தருவதே இங்கே தேவையான ஊக்குவிப்பு.