மின் கடத்திய வைரம்

இரத்தினங்களை நோட்டம் பார்ப்பவர்கள் வைரத்துக்கு விலை மதிக்கும்போது முதலில் தேடுவது மாசின்மையையே. கீறலும் புள்ளியும் இல்லாத கல்லே உயர்ந்த கல் எனப்படும். பௌதிகவியலாருக்கும் தூய வைரம் ஒரு சிறந்த காவலி. அது மின்னைக் கடத்தாது. அத்தகைய வைரம், மின்னைச் சிறிதும் தடையின்றிக் கடத்தும் பொருள்களின் வரிசையில் 2004ஆம் ஆண்டில் இடம்பெற்றது. அதற்குக் காரணமாயிருந்தது அதனுட் புகுந்த மாசே.

தடையற்ற கடத்தல், அதாவது மீக்கடத்தல், 1911இல் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில் வெளிப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் ஈலிய வாயுவைத் திரவமாக்கியிருந்த கமர்லிங் ஒன்னெஸ், அத்திரவத்தின் குளிரில் இரசத்தின் மின்தடையை ஆராய்ந்தார். சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 269 பாகையில் அத்தடை திடீரென மறைந்தது. இதன் காரணத்தை 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்றீபர் என்னும் மூவர் விளக்கினர். தனித்தனியே ஓடி இடர்ப்படும் இலத்திரன்கள், பளிங்கின் அதிர்வைத் துணையாகக் கொண்டு இவ்விரண்டாய் இணைந்து, ஒன்றுபட்டு இயங்கும்போது தடை நீங்கிவிடுகிறது.

வைரத்திலோ இலத்திரன்கள் காபன் அணுக்களின் பிணைப்பிற் கட்டுண்டு கிடக்கின்றன. பிணைப்புக்குக் காபன் நான்கு இலத்திரன்களை உதவும். போரன் மூன்றையே உதவும். ஆதலால், ஒரு காபன் அணுவின் இடத்திற் போரன் அணு அமர்ந்தால் ஓர் இலத்திரனின் இடம் வெறுமையாகிறது. அவ்வெறுமை இடம் மாறி மாறிச் சென்று மின்னைச் சுமக்கும். புகழ்பெற்ற ஹோப் வைரத்தின் நீல நிறமும் போரனின் விளைவே. ஆயினும், இயற்கை வைரத்திலுள்ள போரன் மிகச் சொற்பம். மீக்கடத்தலுக்கு அது போதாது.

ரஷ்யாவில், மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள திரொயிட்ஸ்க் நகரில், எக்கிமொவும் அவர்தம் குழுவினரும் போரனை மிகுதியாகச் சேர்த்து வைரம் ஆக்கினர். வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய 1,00,000 மடங்கு அமுக்கமும், 2,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் அதற்கு வேண்டியிருந்தன. அவ்வைரத்தை மீண்டும் குளிர்வித்தபோது, இரசத்தின் தடை மறைந்த குளிரையொட்டியே அதுவும் மீக்கடத்தியாயிற்று. இச்செய்தி 2004இல் வெளியாயிற்று.

அதே ஆண்டில் யப்பானில் தக்கானோவும் அவர்தம் தோழரும் வேறொரு வழி கண்டனர். வாயுக்களை நுண்ணலைகளாற் சிதைத்து, வைரத்தை மெல்லிய படலமாகப் படியவைத்தனர். அப்படலத்தின் தடை ஏறக்குறைய −266 பாகையிற் குறையத் தொடங்கி, −269 பாகையிலேயே முற்றாக மறைந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுந்தது. இத்தகைய படலங்கள் பெரும்பாலும் எண்ணற்ற நுண்மணிகளின் கூட்டமே. மீக்கடத்துவது வைரந்தானா, அன்றி மணிகளின் இடுக்கிற் சேர்ந்த வேறு பொருளா? பிரான்சில் புஸ்தறேயும் அவர்தம் குழுவினரும் மணிகளற்ற ஒற்றைப் பளிங்குப் படலங்களைச் சோதித்து விடை கண்டனர். அவையும் மீக்கடத்தின, போரன் கூடக்கூட அதற்குரிய வெப்பநிலையும் உயர்ந்தது. தடை மறைந்ததும் சட்டென்றே மறைந்தது. ஆகவே, அப்பண்பு வைரத்தினுடையதே என்பது உறுதியாயிற்று.

அவ்வாறாயின், மணிப்படலங்களில் நிகழ்வது யாது? அங்கே மணிகள் ஒவ்வொன்றும் கடலிடைத் தீவு போன்றது. தீவினுள் இலத்திரன் சோடிகள் தடையின்றி இயங்கினும், இடையிலுள்ள எல்லையை ஊடுருவிச் சென்றாலன்றிப் படலம் முழுவதும் மீக்கடத்தியாகாது. இவ்வாறு சோடிகள் ஊடுருவக்கூடும் என்பதை 1962இல் ஜோசப்சன் என்னும் வேல்ஸ் தேசத்து இளைஞர் முன்கூட்டியே கணித்திருந்தார். சில படலங்களில், தடை வீழுமுன் ஒருமுறை உயர்வதும் காணப்பட்டது. சோடிகள் முதலில் மணிகளுக்குள்ளேயே சிறைப்பட்டு, பின்னரே கைகோத்துக்கொள்வதால் இது நேர்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2013இல் விளக்கினர்.

திரவ ஈலியத்தையொத்த குளிர் வேண்டியிருப்பதால், வைரக் கம்பியில் மின்சாரம் ஊருக்கு வருமென எவரும் எதிர்பார்ப்பதில்லை. எனினும் ஓர் உண்மை தெளிவாயிற்று. இலத்திரன்களைக் கட்டிவைத்த அதே இறுகிய பிணைப்பே, வைரப் பளிங்குக்கு விரைந்த அதிர்வைத் தந்து, அவை சோடி சேரவும் துணைபுரிகிறது. அத்துணையைப் பயன்கொள்ளப் போரன் என்னும் மாசு வேண்டியிருந்தது, அவ்வளவே.