தவளைக்கால் முதல் இருமல் வரை

இருமல் என்றால் நமக்குத் தொல்லை. அவையில் ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கிறார். ஆனால், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்கு ஒரு நல்ல இருமல் உயிர்காக்கும் செல்வமாகும். அச்செல்வத்தை மின்சாரத்தின் துணையால் மீட்க மனிதன் நடந்த வழி, ஒரு தவளையிடமிருந்து தொடங்குகிறது.

இத்தாலியின் பொலோஞா நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் லூயிஜி கால்வானி, மின்சாரம் பட்டுத் தவளைக்கால் துள்ளியதை 1791இல் எழுதி வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திதான். அத்தவளை எந்நிலையில் இருந்தது என்பதை மட்டும் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. மேலுடல் வெட்டி நீக்கப்பட்டு, தண்டுவடத்தின் ஒரு துண்டும், கால்களும், அவற்றுக்குச் செல்லும் நரம்புகளுமே எஞ்சியிருந்தன. மூளையின் ஆணை வர அங்கே வழியே இல்லை. எனினும் நரம்பு செயலற்றுப் போகவில்லை. தசையும் அதற்குப் பணிந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் வித்து இதுவே.

கால்வானியின் மருமகன் அல்டினி, 1803இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. பார்த்தோர் அஞ்சினர், நோயாளிகளுக்கு அதனால் விளைந்த பயன் சிறிதே. பயனுள்ள முறையை வகுத்தவர் பிரெஞ்சு மருத்துவர் துஷேன். தசைக்குள் ஊசி குத்தாமல், ஈரமாக்கிய மின்முனைகளைத் தோலின்மேல் வைத்தே தனித்தனித் தசைகளைச் சுருங்கச் செய்தார். 1855இல் அது நூலாயிற்று.

ஆயினும் தண்டுவடம் முறிந்தோர் முதலில் பிழைத்திருக்க வேண்டுமே! முதல் உலகப் போரில் அவ்வாறு காயமுற்றோர் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1939இல் நாசி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கெனத் தனிப் பிரிவை ஏற்று நடத்தினார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தல் என்னும் எளிய பணியை இரவும் பகலும் வற்புறுத்தினார். 1948இல் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் வளைத்துப் போட்டியிட்டனர். புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் மருத்துவம் அடக்கிய பின்னர், நுரையீரல் நோயே எமனாய் முன்வந்து நின்றது.

காரணம் இதுதான். மூச்சை உள்ளிழுக்கும் உதரவிதானத்தின் நரம்பு கழுத்தின் நடுப்பகுதியில் பிறக்கிறது. இருமலுக்கு விசை தரும் வயிற்றுத் தசைகளின் நரம்புகளோ, மார்புப் பகுதித் தண்டுவடத்தின் கீழ்ப்பாதியில் பிறக்கின்றன. ஆகவே, கழுத்தின் கீழ்ப்பகுதியில் அடிபட்டவர் மூச்சு விடுவார். ஆனால் வலுவாய் இரும இயலாது. சளி தேங்கும், நிமோனியா காய்ச்சல் தொடரும். எனினும் காயத்திற்குக் கீழே உள்ள நரம்புகள், கால்வானியின் தவளையில் போலவே, ஆணைக்குக் காத்திருக்கின்றன.

1961இல் அமெரிக்க மருத்துவர் லிபர்சன், பக்கவாதத்தால் தொங்கிய பாதத்தை நடக்கும்போது மின்துடிப்பால் தூக்கிக் காட்டினார். பின்வந்தோர் அம்முறையை வயிற்றுக்கும் கொண்டுவந்தனர். வயிற்றின்மேல் ஒட்டிய மின்முனைகள் வழியே, மூச்சை வெளிவிடும் கணம் பார்த்துத் துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. கணம் தவறினால் பயனில்லை. நரம்பே அழிந்திருந்தால் இம்முறை செல்லாது. மேற்பகுதிக் காயமுற்றோருக்குக் குருதியழுத்தம் திடீரென ஏறக்கூடுமாதலால் கண்காணிப்பும் வேண்டும். தண்டுவடத்தை இது ஒட்டவைப்பதுமில்லை.

தொடுவுணர்வு முற்றும் இழந்தவர் தம் வயிறு இறுகுவதை உணர்வதில்லை, கண்ணால்தான் காண்கிறார். சளி மேலேறி வருவதைத் தொண்டை உணர்கிறது.