வெளிச்சவீடு

பாலமீன்மடுவில் யாரிடமாவது "கலங்கரை விளக்கம் எங்கே?" என்று கேட்டால், "வெளிச்சவீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். மட்டக்களப்பு வாவி கடலில் விழும் முகத்துவாரத்தருகே, 1913இல் கட்டிய 28 மீட்டர் உயர வெள்ளைக் கோபுரம் அது.

வெளிச்சவீடு ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது, கலங்கரை விளக்கமே நல்ல தமிழ் என்பார்கள் படித்தவர்கள். முதற்பாதி மெய். சிங்களத்தில் 'பிரதீபாகாரய' என்பதும் விளக்கு வீடுதான். அந்த 'ஆகாரம்' சாப்பாடு அல்ல, வீட்டைக் குறிக்கும் வடசொல்.

சிலப்பதிகாரம் ஆண்ட 'கலங்கரை விளக்கம்' என்ற சொல்லையே பலர் கலம், கரை, விளக்கம் என்று மூன்று பெயர்ச்சொற்களாக உடைத்து, கப்பலுக்குக் கரையைக் காட்டும் விளக்கு என்று பொருள் கொள்கிறார்கள். இங்கே கரை, கடற்கரை அல்ல. காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்: கூப்பிடுதல். கலத்தைக் கூப்பிடும் விளக்கு. வாயில்லாத விளக்குக்குக் குரல் கொடுத்தவன் மாலுமியின் நெஞ்சறிந்தவன்தான்.

பெரும்பாணாற்றுப்படையும் நீர்ப்பெயற்றுத் துறையில் ஓடுகிற கலங்களை இரவில் கரைந்தழைக்கும் தீயைப் பாடுகிறது. அந்தத் தீ எரிந்த இடத்துக்குப் புலவர் உருத்திரங்கண்ணனார் இட்ட பெயர் மாடம். ஏணி சாத்தி ஏறவேண்டிய, கூரை வேயாத மாடம். ஆக, விளக்கை ஒரு வீட்டில் குடிவைப்பது வெள்ளைக்காரன் கற்றுத்தந்த யோசனை அல்ல. மாடத்தில் எரிந்தது வீட்டில் எரிந்தால் என்ன குறை? கடலிலிருந்து பார்த்தவனுக்கு அது கூப்பாடு. கரையிலிருந்து பார்த்தவனுக்கு வீடு. வெளிச்சவீட்டை நான் தள்ளமாட்டேன்.

மட்டக்களப்பின் பார் வீதியும் 'கரை'யைப் போலவே பொருள் மயங்கவைக்கும் பெயர்தான். புதிதாய் வருகிறவர்கள் மதுக்கடையைத் தேடக்கூடும். வாவியின் வாயை அடைக்கும் மணல்திட்டைத்தான் ஆங்கிலத்தில் 'பார்' என்றார்கள். தமிழ்க் கடலோடிகளிடமும் ஒரு பார் உண்டு, கடலடிப் பாறைத்திட்டு. முத்துக்குளிப்பவர்கள் சொல்லும் முத்துப்பார் அதுவே. இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் இரண்டுமே தோணியைத் தட்டவைப்பவை.

1978 நவம்பரில் வந்த சூறாவளி ஊரைப் புரட்டிப்போட்டது. சூறை என்றால் கொள்ளை, வளி என்றால் காற்று. கூரையையும் தென்னையையும் கொள்ளை கொண்டுபோன காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 2004 டிசம்பர் 26இல் கடலே ஏறிவந்து எதிர்ப்பக்க நாவலடியில் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டது. வெளிச்சவீடு இரண்டையும் தாண்டி நின்றது.

கரைதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: அரிபட்டுக் குறைதல். கோடையில் அலை சேர்க்கும் மணல் முகத்துவாரத்தை மூடும். மாரி வெள்ளம் அதை உடைத்துக் கரைக்கும். மணல் உடையச் சுணங்கினால் வயலுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அப்போது மட்டக்களப்பில் யாரும் வெளிச்சவீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்பதுதான் கேள்வி.